கலந்து பேசினால் தப்பா?

கடைசி வரிசையில் கை தூக்கியது என் மனைவி விசாலி.

எனக்குத் திக்கென்றது. கூட்டத்துக்கு வரலாம், ஆனால் என் மனைவி என்று யாரிடமும் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் எங்கள் ஒப்பந்தம். ஆள் சேராமல் வீட்டுக்காரியைக் கூட்டி வந்து நாற்காலியை நிரப்புகிறேன் என்று பேச்சு வந்தால் என் மானம் என்னாவது?

அப்படி நிரப்பியதும் உண்டு. நான் பல்கலைக்கழகத்தில் மொழியியல் விரிவுரையாளன். 'மக்களுக்கு மொழியியல்' என்று ஒரு தொடர் உரை ஆரம்பித்திருக்கிறேன். ஜொகூர் பாருவில் நடந்த முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் விசாலியும், மண்டபத்தைப் பூட்ட வேண்டியவரும், ஏர்கோனுக்காக ஒதுங்கிய ஒரு பெரியவரும்தான். அவரும் குளிர்கிறது என்று பாதியில் போய்விட்டார். இந்த முறையும் ஆள் வராவிட்டால் தொடரை நிறுத்திக்கொள்ளலாம் என்று துறைத்தலைவர் அன்பாகச் சொல்லியிருந்தார்.

இந்தக் கோத்தா திங்கி கோயில் மண்டபத்தில் அந்தக் கவலை இல்லை. கோயில் தலைவர் மணியம் விவரமானவர். பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து, "டாக்டர் பேசி முடிச்ச பொறவுதான் மீகூன் சாப்பாடு" என்று அறிவித்துவிட்டார். ஒரு நாற்காலி காலியில்லை.

நானும் உரையை எளிமையாக்கி வைத்திருந்தேன். ஆங்கிலக் கலைச்சொற்களை எல்லாம் எடுத்துவிட்டுத் தமிழ்க் கலைச்சொற்களைப் போட்டேன். முன்பு பாதிப் பேருக்குப் புரியாமல் இருந்தது. இப்போது எல்லாருக்கும் சமமாகப் புரியவில்லை.

"பன்மொழிச் சூழலில் நிகழும் மொழிக்கலப்பு, பேசுவோரின் குறைபாடன்று. அஃது அவர்தம் மொழித்திறனின் வெளிப்பாடே" என்று நான் முழங்கியபோது, முன்வரிசையில் ஒருவர் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்படி ஒரு மணி நேரம். கடைசியில், "கேள்வி உண்டா?" என்றேன். நம் மண்டபங்களில் டாக்டரைக் கேள்வி கேட்கும் வழக்கம் கிடையாது. பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன்.

விசாலி எழுந்தாள்.

"சார், நாங்க தமிழு, மலாய் எல்லாம் கலந்துதானே பேசுறோம். அது தப்பா சார்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே உரையை வீட்டில் வெங்காயம் உரித்தபடி எத்தனை தடவை கேட்டவள். வேண்டுமென்றே என் காலை வாருகிறாள். சரி, நானும் விடுவதாக இல்லை.

"அலமாக், என்னாம்மா நீங்க" என்று ரப்பர் தோட்டத்து மக்களின் கலப்புத் தமிழை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினேன். "ஒரு மணி நேரமா அதத்தானே லா சொல்றேன். நல்லா தீடோர் போட்டுட்டீங்களா? கொறட்டச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சே."

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. அன்றைய முதல் சிரிப்பு. மக்களைக் கவரும் கலை கைவந்துவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு. அந்தச் சூட்டோடு நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

பொன்னாடை போர்த்தும்போது மணியம் காதோரம் சொன்னார். "கடைசில எங்கள மாதிரியே பேசிக் காட்டுனீங்க பாருங்க டாக்டர், அதான் டாப். அடுத்த மாசமும் வந்துருங்க."

தொடர் பிழைத்தது. காரில் ஏறியதும் விசாலியிடம் கணக்குத் தீர்க்க ஆரம்பித்தேன்.

"உனக்கு எதுக்கு அந்தக் கேள்வி? பதில்தான் உனக்கு மனப்பாடமாச்சே."

"நான் எனக்காகக் கேக்கலங்க."

"பின்ன?"

"பக்கத்துல ஒரு அக்கா உக்காந்திருந்தாங்க. செல்வராணின்னு பேரு. தெப்ராவ்ல ஃபேக்டரி வேலை. உங்க பேச்சக் கேக்கணும்னு ஷிஃப்ட்ட மாத்திக்கிட்டு வந்திருந்தாங்க. அவங்கதான் கேக்கச் சொன்னாங்க."

"அவங்களே கேட்டிருக்கலாமே."

"நானும் அதத்தான் சொன்னேன். 'நான் வாயத் தொறந்தா தோட்டத்துத் தமிழுன்னு டாக்டரு கண்டுபிடிச்சிருவாரு. உங்க தமிழு நல்லாருக்கு, நீங்க கேளுங்கம்மா'ன்னாங்க."

நான் காரின் கண்ணாடியைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"அவங்க மக ரூபினிக்கு அடுத்த வாரம் பரிசம்" என்று விசாலி தொடர்ந்தாள். "மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் பெரிய படிப்பாம். 'அவங்க முன்னால நீங்க பேசிடாதீங்கம்மா, சித்தி பேசிக்கட்டும்'னு மக சொல்லிட்டாளாம். படிச்சவரு வாயால தப்பில்லன்னு ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுப் போனா, மககிட்ட சொல்லலாமேன்னு வந்திருக்காங்க."

"அதத்தானே நான் ஒரு மணி நேரமா..." எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"நீங்க பேசுனது அவங்களுக்கு ஒண்ணும் புரியலங்க. அதனாலதான் கேக்கச் சொன்னாங்க."

வெட்கமாக இருந்தது. வண்டியைச் சாலையோரமாக நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன்.

"அவங்க நம்பர் வாங்குனியா? இப்பவே கூப்பிட்டு நானே சொல்லிடறேன், தப்பே இல்லன்னு."

"கேட்டேங்க" என்றாள் விசாலி. "'வேணாம்மா, எல்லாரும் சிரிச்சப்பவே பதில் புரிஞ்சிருச்சு'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க."