மூன்று கால் கோழி

"இது நான் கட்டின நூல் இல்லை" என்றார் நூலகர் ஸ்தோயங்கா.

வியாழக்கிழமை சாயங்காலம். படிப்பகத்தின் பின்னறையில் துப்பறியும் கதைக் குழு கூடியிருந்தது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தார்கள்.

குழுவுக்கு மாதம் ஒரு புத்தகம், ஒரே பிரதி. வீடு வீடாகக் கை மாறிப் போகும். கடைசி அத்தியாயத்தை மட்டும் ஸ்தோயங்கா வெள்ளை நூலால் கட்டி முடிச்சுப் போட்டுத்தான் கொடுப்பார். கொலைகாரர் யாரென்று எல்லோரும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்ட பிறகுதான் முடிச்சை வெட்டி உரக்கப் படிப்பார்கள். முன்னாலேயே அவிழ்த்தவருக்கு ஒரு வருஷம் இந்த அறையில் இடமில்லை.

இன்று சீட்டெல்லாம் பெட்டியில் விழுந்தாகிவிட்டது, ஆனால் புத்தகத்தில் வெள்ளை நூலைக் காணோம். அந்த இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கயிறு.

ரலித்சா சிரித்துவிட்டாள். "மார்ச் ஒண்ணாம் தேதி நாம எல்லாரும் கையில கட்டிக்கிட்ட கயிறுதானே இது? கையை நீட்டுங்க, பாத்துடலாம்."

மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடி வருகிறவள் அவள். வாரத்தில் இந்த இரண்டு மணி நேரம்தான் யாரும் அவளை 'அம்மா' என்று கூப்பிடாத நேரம்.

கைகள் மேஜைமேல் நீண்டன. ஒவ்வொரு மணிக்கட்டிலும் சிவப்பு வெள்ளைக் கயிறு. ஒரு கையில் மட்டும் இல்லை.

"வெல்ச்சோ மாமா, உங்களோடது எங்கே?"

வெல்ச்சோ ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவது வியாழக்கிழமைகளில்தான். சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வசந்தத்தோட முதல் நாரையைப் பார்த்தேன். வழக்கப்படி அவுத்து மரத்துல கட்டிட்டேன்."

"கூரையில இன்னும் பனி கிடக்கு. அதுக்குள்ள நாரையா? உங்க ரயில்ல டிக்கெட் எடுத்து வந்துச்சோ?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த மின்ச்சோ. அறையே சிரித்தது.

ரலித்சா விடவில்லை. விரல்விட்டு எண்ணினாள்.

"செவ்வாய்க்கிழமை புத்தகத்தைப் பையோட உங்க கையில கொடுத்தேன். உங்ககிட்டேருந்து நேரா இங்க வந்திருக்கு. நடுவுல ஒரு ஆளும் கிடையாது. கயிறும் உங்களோடது. அவுக்கும்போது நூல் அறுந்துபோச்சு, கையில இருந்ததைக் கழட்டிக் கட்டிட்டீங்க. சரிதானே?"

"பிரமாதம்மா" என்று மின்ச்சோ மேஜையைத் தட்டினார். "எத்தனை வருஷமா படிக்கிறோம், உன்னை மாதிரி யாரும் மடக்கினதில்ல."

ரலித்சாவுக்கு வாய் காதுவரை விரிந்தது.

வெல்ச்சோ அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "கயிறு என்னோடதுதான். கட்டினதும் நான்தான்."

"அப்போ அவுத்தது?"

"அதான் சொல்லிட்டேனேம்மா. விடு."

ஸ்தோயங்காவின் குரல் இறங்கிப்போனது. "அண்ணே, ஒரு வருஷம்னு சட்டம் போட்டதே நீங்கதான்."

"தெரியும். அடுத்த மார்ச்சுல வரேன்."

கோட்டை மாட்டிக்கொண்டார். அவர் வாங்கி வந்திருந்த, சீஸ் வைத்துச் சுட்ட பனிட்சாப் பொட்டலம் மேஜையிலேயே இருந்தது. "சூடா இருக்கு. ஆறிட்டா சீஸ் ரப்பராயிடும், சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

பொட்டலம் பிரிந்தது. கடைசி அத்தியாயத்தைப் படிக்கும் கௌரவம் ரலித்சாவுக்கே என்று ஏகமனதாக முடிவானது.

முதல் பக்கத்திலேயே விஷயம் உடைந்துவிட்டது. விஷம் வைத்தது பாதிரியாரின் தங்கை.

ஸ்தோயங்கா பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரித்தார். ஒரு சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வெல்ச்சோ அண்ணன் 'டாக்டர்'னு எழுதியிருக்கார். முடிவைப் படிச்சவரு எதுக்குத் தப்பா எழுதணும்?"

"நம்மளை ஏமாத்தத்தான். கெட்டிக்கார மனுஷன்" என்றார் மின்ச்சோ, வாய் நிறையப் பனிட்சாவோடு. "நீ மேல படிம்மா."

ரலித்சா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

பக்கம் முழுக்கப் பச்சை மெழுகுக் கலரில் ஒரு கோழி. மூன்று கால். அவள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவிலும், குளியலறைச் சுவரிலும், புருஷனின் வேலைச் சட்டையிலும் மகள் கிறுக்கி வைத்திருக்கிற அதே கோழி. அதன் காலடியில், மடிப்புக்குள் சிக்கிக்கொண்டு, அறுந்த வெள்ளை நூலில் ஒரு துண்டு.

செவ்வாய்க்கிழமை பையைக் கொடுக்கும்போது அவள் உள்ளே பார்க்கவில்லை. பேசிக்கொண்டே கொடுத்தாள். "இந்த வியாழக்கிழமை மட்டும் இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் மாமா" என்று சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

"என்னம்மா நிறுத்திட்டே? தொண்டையில சிக்கிடுச்சா?" என்று மின்ச்சோ தண்ணீர்க் கிளாஸை நகர்த்தினார்.

புத்தகம் அவள் பக்கம்தான் திரும்பியிருந்தது. இந்த ஒரு பக்கத்தை அடுத்ததோடு சேர்த்துத் தள்ளிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. விரல் அந்தத் தாளின் ஓரத்துக்குப் போயும்விட்டது.

அவள் கண்ணில் தன் மணிக்கட்டுக் கயிறு பட்டது.

புத்தகத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி மேஜைமேல் வைத்தாள். நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

"ஸ்தோயங்கா அக்கா, சீக்கிரம் போய் மாமாவைக் கூட்டிட்டு வாங்க. அந்த ஒரு வருஷம் என்னோடது. அந்தக் கோழி எங்க வீட்டுது."