குரல் உடைகிற இடம்
கடியப்பட்டணம் திருவிழா மேடையில் ஜின்சி பாடுகிறாள். போன மாதக் கச்சேரியில் இதே பாட்டின் உச்சத்தில் அவள் குரல் உடைந்ததை, இசைக்குழு நடத்தும் கணவன் ரெஜினே வீடியோவாக ஃபேஸ்புக்கில் ஏற்றிவிட்டான். பார்த்தவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகுதான் கச்சேரிகள் குவிகின்றன. மணலில் நிற்கும் கூட்டம் செல்போன்களை உயர்த்திக் காத்திருக்கிறது. இம்முறை அந்த உச்சத்தைப் பிசிறின்றித் தொட்டுவிடுகிறாள். அவளுக்கே உடம்பு சிலிர்க்கிறது. கைதட்டல் இல்லை. செல்போன்களின் நீல வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகத் தாழ்கின்றன. கீபோர்டின் பின்னாலிருந்து ரெஜின் பல்லைக் கடிக்கிறான். "ஏட்டி, நல்லா பாடுகதக் கேக்கவா இவ்வளவு ஆளு வந்திருக்கு?" அதே வரியை மறுபடி வாசிக்கிறான். ஜின்சி கண்ணை மூடிக்கொண்டு, நல்ல குரலைத் தானே உடைக்கிறாள். கூட்டம் ஊளையிட்டுத் துள்ளுகிறது. ரெஜின் கனிவாகச் சிரிக்கிறான். "அப்படித்தான் மக்கா. இன்னொருக்கா."