விவரம் தெரிஞ்சவன்

பஃபேயில் கொடுத்த காசுக்கு இறாலை ஒரு கை பார்த்துவிடுவது என்று, காலையிலிருந்து தானும் பட்டினி கிடந்து மனைவியையும் பட்டினி போட்டு அழைத்து வந்திருந்தார் ஆடிட்டர்.

பக்கத்து மேஜைத் தொப்பைக்காரர் தன் மனைவியிடம் உரக்கச் சொன்னார்: "இறாலை எங்க வேணாலும் தின்னலாம். விவரம் தெரிஞ்சவன் இங்க சூப்புக்குத்தான் வருவான். ராத்திரி பூரா கொதிச்ச எலும்புச் சாறு."

ஆடிட்டர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், இரண்டு கிண்ணம் சூப்போடு வந்தார்.

"இதுக்கா பட்டினி போட்டீங்க?" என்றாள் மனைவி.

"விவரம் தெரியாம பேசாத. குடி."

நாலாவது கிண்ணத்தில் வயிறு முட்டிவிட்டது. கை கழுவப் போனவர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே மேனேஜர் தொப்பைக்காரரின் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்.

"சூப் அண்டா காலி, மச்சான். இறால் அப்படியே இருக்கு. நாளைக்கு ரொட்டியைப் புகழ்ந்து பேசிடுங்க."