முன் இருக்கையில் ஐம்பத்தைந்து கிலோ

துவைக்கப் போட்ட சட்டையின் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. கணவனின் கையெழுத்தில் இரண்டே வரிகள். 'நான் 74 கிலோ. அவள் 55 கிலோ.'

அந்த 'அவள்' நிச்சயம் தான் அல்ல என்பது இவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. கையிலிருந்த சட்டை நழுவி வாளிக்குள் விழுந்தது.

சீட்டின் தலையில் மெக்கானிக் கடையின் முத்திரை. மூன்று வாரமாக அவர் அங்கேதான் கிடக்கிறார். வட்ட முகமும் காற்றிலேயே குளிரும் பின்பக்க எஞ்சினுமாக ஒரு பழைய கார். அதற்கு இப்போது நான்கு சக்கரத்துக்கும் புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர். பதினாறு வருடமாக ஒவ்வொரு பள்ளத்திலும் இவள் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகியபோது மாறாத ஸ்பிரிங், எந்த மகராசிக்காக மாறுகிறது?

போன வாரம் கேட்டதற்கு, "சும்மாதான்" என்று சிரித்து நழுவிவிட்டார். அந்தச் சிரிப்பு இப்போது வேறு மாதிரி தெரிந்தது.

ஆதாரம் தேடிப் பரணில் ஏறினாள். தூசி தலையில் பனிபோல இறங்கியது. காரின் பழைய புத்தகங்கள், துருப்பிடித்த ஸ்பானர்கள், கல்யாணமான புதிதில் 'இது கோளாறு' என்று இவளே தூக்கிப் போட்ட எடை மெஷின். கடிதமோ போட்டோவோ சிக்கவில்லை. ஐம்பத்தைந்து கிலோவில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த பெண்களையெல்லாம் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தாள். அவர் ஆபீஸ் கேஷியர் கொடி மாதிரிதான் இருப்பாள்.

தங்கைக்குப் போன் செய்தாள். "மாமாவா? நீ சொன்னா ராத்திரியையும் பகல்னு நம்புற மனுஷன்க்கா அவரு," என்று தங்கை சிரித்தாள். அப்படிப்பட்ட அப்பாவிகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இவள் போனை வைத்தாள்.

மெக்கானிக் கடையில், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எடை மெஷின்களின் மேல் கார் நின்றிருந்தது. ஓட்டுகிற இருக்கையில் கணவன். பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டபடி ஒரு மணல் மூட்டை. அதன் மேல் சாக்பீஸில் '55'.

"யாருங்க அந்த அம்பத்தஞ்சு?"

கணவன் வாயைத் திறக்குமுன் மெக்கானிக் முந்திக்கொண்டார். ஸ்பிரிங் மாற்றினால், உட்காரப் போகிறவர்களின் எடையை வைத்துத்தான் உயரத்தைச் சரி செய்வாராம். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, குலுக்கி எடுத்துவிடுமாம். "உங்க சீட்டுக்காகத்தான்மா மூணு வாரமா என்னைப் பாடாப் படுத்துறாரு. உங்களுக்கு முதுகு வலியாமே?"

கணவன் மாட்டிக்கொண்ட திருடனைப் போல நெளிந்தார். "சொல்லாம செஞ்சு, ஒருநாள் தூரமா கூட்டிட்டுப் போகலாம்னு பாத்தேன்."

நல்ல நேரத்தில் வந்தீர்கள், ஆளையே வைத்துப் பார்த்துவிடலாம் என்று மெக்கானிக் மூட்டையை இறக்கினார். இவள் வேண்டாம் என்று பின்வாங்குவதற்குள் கணவன் உள்ளிருந்தபடியே கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டார். கார் இவள் பக்கம் மெல்லச் சாய்ந்தது.

மெக்கானிக் மீட்டரைப் பார்த்தார். தட்டினார். மறுபடி பார்த்தார். பதினாறு கிலோ கூடுதலாகக் காட்டுகிறதே என்று தலையைச் சொறிந்தார்.

இவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கணவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"மெஷின்லதான் ஏதோ கோளாறு. அம்பத்தஞ்சுன்னு இவளே சொல்லியிருக்கா, எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டா."