நான்கு விரல் இடைவெளி

ஜாக்கியை இறக்கியதும் பிக்கப் வண்டி புது டயர்களின் மேல் மெல்ல அமர்ந்தது. கம்பெனி கொடுத்ததைவிட ஒரு சுற்றுப் பெரிய டயர், வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அகல ரிம். பார்த்தாலே மிரட்டியது.

டயர்க்கடைக்காரனுக்கு இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி.

ஜாக்கியில் நிற்கும்வரை எல்லா டயரும் நல்ல பிள்ளைதான். வண்டியின் எடை இறங்கி, ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பார்த்தால்தான் மட்கார்டில் உரசுகிறதா என்று தெரியும். மற்ற கடைகளில் அட்டையைச் செருகிப் பார்ப்பார்கள். இவன் தன் கையையே விடுவான். டயருக்கும் தகரத்துக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாக நிற்க வேண்டும். அட்டை பொய் சொல்லும், என் விரல் சொல்லாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனும் இவன்தான்.

இன்று அந்தப் பெருமையைக் குப்பையில் போட்டுவிடலாம் போலிருந்தது.

காரணம், ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தவன். வண்டிக்குச் சொந்தக்காரன். இவன் மனைவியின் தம்பி.

வழக்கமாக வந்ததும் வராததுமாக மாமாவை வம்புக்கு இழுப்பான். அவன் சிரித்தால் பக்கத்துக் கடைவரை கேட்கும். இன்று மருந்துக்குக்கூடச் சிரிக்கவில்லை. வாங்கிக் கொடுத்த டீயைத் தொடவில்லை. நட்டு முறுக்கும்போதெல்லாம் பின்னாலேயே நின்று இவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.



அவன் காதுக்கு எட்டிவிட்டதா? எட்டியிருக்காது. அவன் அக்கா வாயைத் திறக்கமாட்டாள்.

பேசாமல் அட்டையை எடுத்துவிடலாமா? எடுத்தால் ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்வதைவிடக் கையை விடுவதே மேல்.

மண்டியிட்டு, வலது கையை உள்ளே விட்டான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போது அந்த ஸ்டீயரிங்கைக் குழந்தைகூடத் திருப்பிவிடும். இந்த விரல்கள் போனால் ஸ்பேனர் போச்சு, கடை போச்சு, பிழைப்பே போச்சு.

"மெதுவா ஒடி மாப்ள."

சொன்ன குரல் இவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மெதுவாகத்தான் ஒடித்தான். டயர் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியது. புது ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. ரப்பர் விரல்நுனியைத் தொட்டது. பிறகு நான்கு விரல்களையும் தகரத்தோடு சேர்த்து அழுத்தியது.

போதும், போதும் என்று கத்தினான்.

டயர் நின்றது. ஆனால் திரும்பிப் போகவில்லை. வலி தாங்கும்படிதான் இருந்தது. கையைத்தான் உருவ முடியவில்லை. இன்னும் அரை அங்குலம் திருப்பினால் எலும்பு மிஞ்சாது.

ஜன்னல் வழியாக மைத்துனன் எட்டிப் பார்த்தான். முகத்தில் கோபமே இல்லை.

"அக்கா கீழ விழுந்துட்டேன்னுதான் சொல்லுது மாமா. ஆனா கன்னத்துல அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சிருக்கு. எந்தக் கைன்னு மட்டும் சொல்லுங்க."

இடது கை வெளியே, தரையில் ஊன்றியபடி, சும்மா இருந்தது. அதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். பார்வை சிக்கிக் கிடந்த வலது கைக்குப் போனது.

"இதுதான்," என்றான்.