கோப்பி நிற்கக் கூடாது

உறுமி மேளம் அதிர்ந்ததும் குதிரை கோப்பி காதுகளை விடைத்துக்கொண்டு பின்வாங்கியது. கழுத்தில் கிடந்த செவந்தி மாலையிலிருந்து இதழ்கள் உதிர்ந்தன. கயிற்றைப் பிடித்திருந்த பத்துமலை, விட்டால் ஓடிவிடுமோ என்று இன்னும் இறுக்கினார்.

“இழுக்காதீங்க,” என்றாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கலாதேவி. “நீங்க இழுத்தா அதுவும் இழுக்கும்லா.”

மலேசியாவின் ஆயர் தாவாரில், ரப்பரை அழித்துச் செம்பனை போட்டிருந்த ஒரு பழைய தோட்டத்தின் திடல் அது. மேளக்காரர் சன்னாசியை ஈப்போவிலிருந்து அவள்தான் வரவழைத்திருந்தாள். ஊர்வலத்தில் ஒரு குதிரை வரப்போகிறது, மேளத்துக்கும் பூவுக்கும் அது மிரளக் கூடாது, முன்கூட்டியே பழக்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வைப்பவர்கள் உண்டு என்பதால் சன்னாசி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கோப்பி, ஈப்போவில் பந்தயம் ஓடிய குதிரை. காலில் அடிபட்டு யாரும் வேண்டாம் என்றபோது, லாயத்தில் வேலை பார்த்த கலாதேவி கேட்டு வாங்கி வந்தாள். பால் கலக்காத கோப்பியின் நிறம்; அதனால் அந்தப் பெயர். அவள் குரல் கேட்டால் தின்கிற புல்லை விட்டுவிட்டு வரும். பத்துமலையோ லோரி ஓட்டுகிறவர். குதிரை என்றால் தள்ளியே நிற்பார்.

அவரை எதற்குக் கஷ்டப்படுத்துகிறாய், நீயே பிடித்துப் போகலாமே என்று சன்னாசி கேட்டார்.

“அன்னிக்கி நான் புடிக்க முடியாதுண்ணே. இவருதான் புடிக்கணும்.”

கல்யாண வீட்டுப் பெண்ணுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று சன்னாசி நினைத்துக்கொண்டார்.

தூரத்தில் நின்று மெதுவாக அடிக்கச் சொன்னாள். குதிரை தலையைத் தாழ்த்தியதும் நிறுத்தச் சொன்னாள். பிறகு கொஞ்சம் நெருங்கி வந்து அடிக்கச் சொன்னாள். இப்படியே சில ஞாயிற்றுக்கிழமைகள் போனதும், பக்கத்திலேயே உறுமி முழங்கினாலும் கோப்பி சும்மா வாயை மென்றுகொண்டு நின்றது. பயம் விட்டதற்கு அதுதான் அடையாளம் என்றாள்.

பத்துமலைதான் தேறவில்லை. குதிரைக்கு முன்னால் நின்று அதன் கண்ணைப் பார்த்தே இழுத்தார். அதன் தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், அதைப் பார்க்காமல் போகிற வழியைப் பாருங்கள் என்று அவள் அலுக்காமல் சொன்னாள். கயிற்றை லேசாக இழுத்துக் கேட்க வேண்டும். அது காலெடுத்து வைத்த உடனே தளர்த்திவிட வேண்டும். அப்போதுதான் தான் செய்தது சரி என்று அதற்குப் புரியும். அவரோ தளர்த்த மறந்தார். குதிரைக்குப் பயப்படுகிறார் என்று சன்னாசி எண்ணினார்.

“உங்களுக்குப் புடிக்கத் தெரியுது. விடத்தான் தெரியல,” என்றாள் கலாதேவி.

பத்துமலை முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. எப்படிக் கூட்டி வந்தாலும் கோப்பி அவள் நாற்காலியருகே வந்ததும் நின்றுவிடும். மூக்கை அவள் மடியில் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு யார் இழுத்தாலும் வராது. இப்படி நின்றால் ஊர்வலமே நின்றுபோகும், என்னைத் தாண்டி இவரோடு போக வேண்டும், இவரோடுதான் வீட்டுக்கும் திரும்ப வேண்டும் என்றாள்.

அதனால் அதைத் தொடுவதையே நிறுத்தினாள். அது வந்து நின்றால் வேறு பக்கம் பார்த்தாள். அது மடியை முட்டியது. அவள் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். பார்க்கப் பொறுக்காமல், கழுத்தில் ஒரு தட்டுத் தட்டிக் கொடுக்கக் கூடாதா என்று சன்னாசியே கேட்டுவிட்டார். கொடுத்தால் நின்றுவிடும் என்று மட்டும் சொன்னாள்.

சேணம் கட்டி எப்போது பழக்குவீர்கள் என்றும் அவர் கேட்டார். சேணம் வேண்டாம், மேலே யாரும் ஏறப்போவதில்லை, சும்மா கூட நடந்து வந்தால் போதும் என்றாள். படம் பிடிக்க அழகாக இருக்கும் என்பதற்காக இருக்கலாம் என்று அவர் விட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு, மழை விட்டிருந்தது. பத்துமலை குதிரையின் தோளருகே நின்று, நேரே பார்த்து, நாக்கைச் சொடுக்கினார். உறுமி முழங்கியது. நாற்காலி நெருங்கியதும் கோப்பியின் நடை தளர்ந்தது. ஒரு காது அவள் பக்கம் திரும்பியது.

கலாதேவி செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துமலையின் கை கயிற்றை மெல்ல இழுத்துக் கேட்டது. கோப்பி ஒரு கால் எடுத்து வைத்தது. கை உடனே தளர்ந்தது. அது அவளைத் தாண்டி நடந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. திடலின் கோடியில் திரும்பி, மறுபடி அவளைக் கடந்து, வீட்டுப் பாதையில் அவரோடு போயிற்று.

கலாதேவியின் கண்ணில் நீர் வழிந்தது. சந்தோஷம் என்று நினைத்து சன்னாசியும் சிரித்தார்.

“நல்லாப் பழகிருச்சும்மா. தேதிய மட்டும் சொல்லிடு. திருவிழா வருது, ஆளுங்களுக்கு இப்பவே சொல்லி வைக்கணும்.”

“டாக்டருக்கே சரியாச் சொல்லத் தெரியலண்ணே.”

“டாக்டரா? கல்யாணத்துக்கு எதுக்கும்மா டாக்டரு?”

தூரத்தில் பத்துமலை குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து நின்றுகொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

“கல்யாணம் இல்லண்ணே. என்னைத் தூக்குற அன்னிக்கி.”