தவறினால் திறக்கும் கடிதம்

வரவேற்பறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசையருகே தில்லையம்பலம், சோபாவின் ஓரத்தில் மனைவி புவனேஸ்வரி, அவள் தோளில் சாய்ந்தபடி ஏழு மாத வயிற்றோடு மருமகள் ஆரணி, எதிர்க் கதிரையில் கையில் ஒரு படிவமும் உறையுமாகக் குடியுரிமை அலுவலகத்துச் சுகிர்தா. தொலைக்காட்சியில் உதைபந்தாட்ட இறுதிப்போட்டி தொடங்க இருந்தது. நாட்டு அணிக்குப் பெனால்டி அடிப்பவன் தில்லையம்பலத்தின் மகன் கவினன்தான்.

"பெனால்டியைத் தவறவிட்டால் மட்டுந்தான் இந்தக் கடிதத்தைத் திறப்பம், ஐயா. இல்லாட்டில் கிழிச்சுப் போடுவம்," என்றாள் சுகிர்தா. "தவறினால் அவர் எந்த நாட்டவர் எண்டு எழுதித் தாங்கோ."

"அவன் இஞ்ச பிறந்தவன், பிள்ளை."

"தெரியும். வெல்லுமட்டும் அதில ஒரு பிரச்சினையும் இல்லை."

"அவன்ர அணிக் கோல்கீப்பர் யோஹான் வீட்டையும் போனனீங்களோ?" என்று புவனேஸ்வரி கேட்டாள்.

"அவையளுக்கு இந்தப் படிவம் இல்லை, அன்ரி."

"அப்ப நீங்களும் ஒண்டும் எழுதாதேங்கோப்பா," என்றாள் அவள் கணவனிடம்.

"வெறுமையா விட்டால் நாடில்லாதவர் எண்டு பதிவினம்," என்றாள் சுகிர்தா.

தில்லையம்பலம் பேனையைத் திறந்தார். நாற்பது வருடத்துக்கு முன் தான் விட்டு வந்த, மகன் ஒருநாளும் காணாத ஊரின் பெயரை முத்து முத்தாக எழுதினார்.

ஆரணி வயிற்றைத் தடவினாள். "உள்ள இருக்கிறதுக்கு?"

"அது அடுத்த வரி, தங்கச்சி."

அதையும் எழுதினார். திரையில் கவினன் நெஞ்சில் கைவைத்து, கண்ணை மூடி நாட்டுப்பண் பாடிக்கொண்டிருந்தான். அவன் பாடி முடிக்குமுன் சுகிர்தா உறையை ஒட்டி, வாசலில் நின்ற அலுவலக வண்டியில் மைதானத்துக்கு அனுப்பிவைத்தாள்.